மலைப் பேரிக்காய்க்கு ஒரு வக்காலத்து

ஆடிக் காற்று வீசும் நாட்களில் கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் பேரிக்காய் கீழே இறங்கத் தொடங்குகிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி மே மாதத்தோடு முடிந்து, சுற்றுலாக் கூட்டமும் கலைந்த பிறகு வருவதால் இதைக் கொண்டாட யாரும் இருப்பதில்லை. விலையும் மலிவு, மதிப்பும் மலிவு. கடித்தால் பல் கூசும், நறநறவென்றிருக்கும், லேசாகத் துவர்க்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒன்று தின்றவர்கள் இரண்டாவதை எடுப்பதில்லை. பக்கத்துக் கூடையில் மெழுகுப் பளபளப்போடு அடுக்கியிருக்கும் ஆப்பிளுக்குப் போய்விடுகிறார்கள். குறை பழத்துடையதா, நாம் தின்னும் விதத்துடையதா என்று கேட்டால் பின்னதைத்தான் சொல்வேன். மழைக்காலத்தில் விளையும் இந்தப் பழம் நெருப்பைக் கேட்கிறது. நாமோ அதைக் கோடைப் பழம்போலப் பச்சையாகவே கடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறோம்.

பருவம் மாறினால் சாப்பிடும் முறையும் மாறவேண்டும் என்பதற்குப் பனையைவிட நல்ல சாட்சி கிடையாது. சித்திரை வெயிலில் நுங்கைச் சீவி அப்படியே உறிஞ்சுகிறோம். அதை அடுப்பில் வைக்க யாருக்கும் தோன்றாது. அதே காய் வெட்டுப்படாமல் மரத்தில் நின்று ஆடி, ஆவணியில் பழுத்து விழுந்தால், தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அதைத் தணலில் சுட்டுத்தான் தின்றார்கள். கொட்டையை மண்ணில் புதைத்தால் தை மாதத்தில் கிழங்கு, அது அவிபடும். ஒரே மரம், மூன்று பருவம், மூன்று பக்குவம். கடைப் பழத்தில் இந்தக் கணக்கு அடிபட்டுப் போனதற்குக் காரணம் உண்டு. 1920களில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள், காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துக் குளிரில் பூட்டி வைத்தால் ஆப்பிளின் சுவாசம் மந்தமாகிப் பல மாதம் கெடாது என்று காட்டினார்கள். இன்றைய பெரிய கிடங்குகள் அந்த வழியில்தான் ஓடுகின்றன. காஷ்மீரில் இலையுதிர் காலத்தில் பறித்த பழம் அடுத்த கோடையிலும் கிடைப்பது விவசாயிக்கு நல்லது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் பன்னிரண்டு மாதமும் ஒரே பழம், ஒரே மாதிரி வெட்டிய துண்டுகள் என்றால் நாக்குக்கு மாதம் மறந்துபோகும்.

பேரிக்காயைச் சுடுவது எளிது. நெடுக்கில் இரண்டாகப் பிளந்து நடுவைக் கரண்டியால் தாராளமாகத் தோண்டிவிட வேண்டும். நறநறப்பைத் தருகிற கல்லணுக்கள் அந்த நடுப்பகுதியைச் சுற்றித்தான் அதிகம். சதையைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் சூட்டில் இளகும், கல்லணு இளகாது. குழியில் நனைத்த அவல், தேங்காய்த் துருவல், கொஞ்சம் வறுத்த வேர்க்கடலைப் பொடி, ஒரு சிட்டிகை சுக்கு. 180 டிகிரி ஓவனில் தட்டை மூடி அரைமணி நேரம், பிறகு திறந்து பத்து நிமிடம். நீர் வற்ற வற்ற இனிப்பு திரளும் என்பதால் சர்க்கரை வேண்டாம். எலுமிச்சை பிழிய ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் பிழியட்டும். புளிப்பு முன்கூட்டியே சேர்ந்தால் பெக்டின் இறுகி, பழம் வேக மறுக்கும். ஆறியதும் பக்கத்தில் கெட்டித் தயிர். காலை உணவு அவ்வளவுதான். ஓவன் இல்லாத வீட்டில் அடிகனமான வாணலியை மூடி, சிறு தீயில் வைத்தால் மேல்புற மொறுமொறுப்பு மட்டும் குறையும்.

இட்லி இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். இட்லிக்குப் போட்டியாக எதையும் நிறுத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் ஈரக் குளிரில் மாவு புளிக்க அடம்பிடிக்கும் என்பது ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் புளிக்கவைக்கத் தேவையில்லாத ஒன்று கைவசம் இருப்பது நல்லது. மே மாதச் சமையலறையில் முக்கால் மணி நேரம் ஓவனை எரிப்பது தண்டனை. ஐப்பசி மழையில் அதே சூடு வரவேற்கத்தக்கது. மின்கட்டணம்? 1,500 வாட் ஓவன் 40 நிமிடம் இடைவிடாமல் எரிந்தாலே ஒரு யூனிட்தான். சூடு எட்டியதும் அது அணைந்து அணைந்து எரிவதால் அவ்வளவும் ஆகாது. ஒரே தட்டில் எட்டுத் துண்டு வைக்கலாம்.

சத்து போய்விடாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வைட்டமின் சி சூட்டில் குறையும், உண்மை. ஆனால் 100 கிராம் பேரிக்காயில் இருப்பதே சுமார் 4 மில்லிகிராம். அதன் பலம் நார்ச்சத்து, 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம். அது வெந்தாலும் நிற்கும். வைட்டமின் சி வேண்டுமென்றால் 200 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும் கொய்யா இருக்கிறது, அதைப் பச்சையாகத்தான் தின்ன வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் தயக்கத்தை மட்டும் நான் தள்ளமாட்டேன். வெந்த பழம் மென்மையாக, சீக்கிரம் உள்ளே போய்விடும், அவலும் மாவுச்சத்துதான். அவர்கள் அவலை விட்டுக் கடலையைக் கூட்டி, ஒரு பாதியோடு நிறுத்திக்கொள்வது சரி.

எல்லாப் பழத்தையும் சுட வேண்டியதில்லை. மாம்பழத்தை ஓவனில் வைப்பது அநியாயம். பேரிக்காய் வரத்து ஓய்ந்தபின் அன்னாசியை வைக்கலாம்: பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டு வைத்தால் அதிலுள்ள நொதி புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும், நன்றாக வெந்த துண்டில் அந்தத் தொல்லை இல்லை. வட்டமாக நறுக்கி மிளகு தூவினால் போதும், அவல்கூடத் தேவைப்படாது.