புகைபோக்கியைப் படம் பிடித்தால் போதுமா?

கியூபா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மூன்று விஷயங்கள். சே குவேரா படம் போட்ட பனியன், சுருட்டு, அப்புறம் 1950களின் அமெரிக்கக் கார்கள். இந்த மூன்றையும் தாண்டி அந்த நாட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. அது கரும்பின் கதை, ஆலைகளின் கதை, ரயிலின் கதை. அந்தக் கதையைக் காட்டுகிறோம் என்று சொல்லித்தான் வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனங்கள் பல வருடங்களாகக் குழுப் பயணங்களை நடத்தி வந்திருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு நாள், ஒரு பஸ், ஒரு வழிகாட்டி, இருபது முப்பது பேர். பழைய ஹவானா, ஒரு சுருட்டுத் தொழிற்சாலை, டிரினிடாட் நகரம், மூடிக் கிடக்கும் ஒரு சர்க்கரை ஆலை, முடிந்தால் நீராவி எஞ்சின் இழுக்கும் ரயிலில் ஒரு சவாரி. மாலையில் இசை, நடனம், ரம்.

இப்படிப்பட்ட பயணங்கள் தேவையா? தேவைதான். ஆனால் பெரும்பாலும் நடத்தப்படுகிற விதத்தில் நடந்தால், அவை இயந்திரத்தைக் காட்டிவிட்டு மனிதனை மறைத்துவிடுகின்றன. அதுதான் சிக்கல்.

ஸ்பெயினுக்கு முன்பே ரயில்!

முதலில் ஒரு ஆச்சரியமான தகவல். கியூபாவில் ரயில் ஓடத் தொடங்கியது 1837 நவம்பரில், ஹவானாவிலிருந்து பெஹுகல் வரை. அப்போது கியூபா ஸ்பெயினின் காலனி. ஸ்பெயின் நாட்டிலோ முதல் ரயில் பாதை 1848ல்தான் வந்தது. அதாவது ஆளும் நாட்டுக்கு முன்னால் அடிமை நாட்டுக்கு ரயில் வந்துவிட்டது!

ஏன்? மக்கள் மேல் இருந்த அக்கறையா? இல்லை. வயலில் வெட்டிய கரும்பு சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் சாறு கெட்டுவிடும். ஆலையில் காய்ச்சிய சர்க்கரை துறைமுகத்துக்குப் போக வேண்டும். மழையில் சேறாகும் சாலையில் மாட்டு வண்டி எத்தனை மூட்டைதான் இழுக்கும்? போக்குவரத்துச் செலவைக் குறைத்தால் லாபம் கூடும். இந்த எளிய கணக்குதான் தண்டவாளமாக ஓடியது. அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களில் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள், கூலிக்கு வந்த ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள்.

ஒரு நல்ல வழிகாட்டி இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வார். "லத்தீன் அமெரிக்காவின் முதல் ரயில்" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

கோபுரம் எதற்காக?

டிரினிடாட் நகருக்கு அருகில் 'ஆலைகளின் பள்ளத்தாக்கு' என்று ஒரு இடம். நகரத்தையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து 1988ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இருந்தன. இன்று அங்கே போகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பது மனாகா இஸ்னாகா கோபுரத்தை. ஏழு அடுக்கு, சுமார் 45 மீட்டர் உயரம். மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பசேலென்று தெரியும். கீழே வெள்ளைத் துணியில் பின்னல் வேலை செய்து விற்கிறார்கள்.

அழகான இடம்தான். ஆனால் அந்தக் கோபுரம் அழகுக்காகக் கட்டியதில்லை. அதில் இருந்த மணி அடித்தால் அடிமைகள் வேலைக்கு வர வேண்டும், மறுபடி அடித்தால்தான் நிறுத்தலாம். யாராவது ஓடிப் போகிறார்களா என்று மேலிருந்து கண்காணிக்கலாம். இன்று சுற்றுலாப் பயணி ரசிக்கிற அதே காட்சி அன்று ஒரு காவல்காரனின் காட்சி. கியூபாவில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1886ல். அதற்கு முன்பே, அடிமைகள் போதாமல், 1847லிருந்து சுமார் 1.25 லட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்தார்கள். ஒப்பந்தம் என்பது பெயருக்குத்தான்.

பயணத் திட்டத்தில் இந்தக் கோபுரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? ஏறி இறங்க, படம் எடுக்க, துணி வாங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இவ்வளவு பெரிய வரலாற்றை அந்த அவசரத்தில் எப்படிச் சொல்ல முடியும்?

மூடிய ஆலையின் பின்னால்

அடிமைக் காலம் பழையது, அதைப் பற்றிப் பேசுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. சங்கடம் அண்மைக் காலத்தில்தான்.

ஹவானாவுக்குக் கிழக்கே ஹெர்ஷி என்று ஒரு ஊர். ஆம், சாக்லேட் ஹெர்ஷியேதான். அமெரிக்காவின் மில்டன் ஹெர்ஷி தன் சாக்லேட்டுக்குச் சர்க்கரை வேண்டும் என்று 1916 முதல் அங்கே நிலம் வாங்கி, ஆலை கட்டி, தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டி, மின்சார ரயிலும் விட்டார். புரட்சிக்குப் பிறகு 1960ல் அமெரிக்கர்களின் ஆலைகள் எல்லாம் நாட்டுடைமை ஆயின. ஹெர்ஷி ஆலைக்கு கமிலோ சியன்ஃபுகோஸ் என்று புரட்சித் தலைவர் ஒருவரின் பெயர் வந்தது. பெயர் மாறியது, முதலாளி மாறினார். கரும்பை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அமெரிக்கா வாங்க மறுத்த சர்க்கரையைச் சோவியத் யூனியன் வாங்கியது. அதுவும் சந்தை விலையை விட அதிக விலைக்கு. பதிலுக்குப் பெட்ரோலியம் வந்தது. 1970ல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று ஃபிடல் காஸ்ட்ரோ இலக்கு வைத்தார். நாடே கரும்பு வெட்டப் போனது. கிடைத்தது சுமார் 85 லட்சம் டன். அதுவரை காணாத அளவுதான். ஆனால் மற்ற தொழில்கள் எல்லாம் ஆள் இல்லாமல் படுத்துவிட்டன. தோல்வியை காஸ்ட்ரோவே மேடையில் ஒப்புக்கொண்டார்.

1991ல் சோவியத் யூனியன் உடைந்தது. ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி நடக்கிற கடை, அந்த வாடிக்கையாளர் ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. உரம் இல்லை, எண்ணெய் இல்லை, உதிரிப் பாகம் இல்லை. 2002ல் இருந்த 156 ஆலைகளில் 71ஐ அரசு மூடியது. ஹெர்ஷி ஆலையும் அதில் ஒன்று. வேலை இழந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை நாடுகள் அதைச் செய்திருக்கின்றன? ஆனால் ஆலைச் சங்கு ஊதி எழுந்த ஊருக்கு, அரவைப் பருவத்தை வைத்தே வருடத்தைக் கணக்கிட்ட குடும்பங்களுக்கு, பாடப் புத்தகம் ஆலைக்கு ஈடாகுமா?

1990 வாக்கில் ஆண்டுக்கு சுமார் 80 லட்சம் டன் உற்பத்தி செய்த நாடு, 2022-23 பருவத்தில் எடுத்தது சுமார் 3.5 லட்சம் டன். 2024-25ல் 2 லட்சம் டன் கூட இல்லை. உலகத்துக்கே சர்க்கரை விற்ற நாடு இப்போது வெளியிலிருந்து சர்க்கரை வாங்குகிறது.

ரெமேதியோஸ், கைபாரியென் ஊர்களுக்கு இடையே மார்செலோ சலாடோ என்ற மூடிய ஆலை அருங்காட்சியகமாகி இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களும் அங்கே உள்ளன. எஞ்சினில் எழுதியிருக்கும் தயாரிப்பாளர் பெயரைப் பயணிகள் ஆர்வமாகப் படிக்கிறார்கள். அந்த எஞ்சினை ஓட்டியவர் பெயரைக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

போகவே கூடாது என்பவர்களுக்கு

இதற்கு இரண்டு எதிர் வாதங்கள் உண்டு. இரண்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம்: கியூபாவுக்குப் போனால் பணம் அரசுக்கும் ராணுவத்துக்கும்தான் போகும், ஆகவே போகாதே. இதில் உண்மை இருக்கிறது. பெரிய ஓட்டல்களில் பலவும் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காயேசா என்ற குழுமத்தின் கையில். இந்த வாதத்தின் பேரில்தான் 2019 ஜூனில் டிரம்ப் அரசு அமெரிக்கர்களின் குழுக் கல்விப் பயணங்களைத் தடை செய்தது. 2022ல் பைடன் அரசு அதைத் திரும்ப அனுமதித்தது. ஆனால் தடையால் அடி வாங்கியது யார்? ராணுவத் தளபதிகளா? வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்ட அம்மாவும், பழைய காரை டாக்சியாக ஓட்டியவரும், வீட்டு முன்னறையில் உணவகம் வைத்தவரும்தான் முதலில் அடி வாங்கினார்கள். 1990களிலிருந்து கியூபாவில் சட்டப்படி நடக்கிற சிறு தொழில்கள் இவை.

இரண்டாவது வாதம்: இது வறுமையை வேடிக்கை பார்ப்பது. இதுவும் பாதி உண்மை. உடைந்த சுவரும் துருப்பிடித்த இயந்திரமும் புகைப்படத்தில் கவிதை மாதிரி இருக்கும். அதற்குள் வசிக்கிறவருக்கு அது ஒழுகும் கூரை. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் போய் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது. இதற்குப் பழமையின் அழகு என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் பார்க்காமல் இருந்துவிட்டால் வறுமை போய்விடுமா? பிரச்சினை பார்ப்பதில் இல்லை. எப்படிப் பார்க்கிறோம், யாருக்குக் காசு கொடுக்கிறோம் என்பதில்தான்.

செய்து காட்டிய ஒருவர்

வழி இல்லாமல் இல்லை. ஹவானா நகர வரலாற்றாளர் எவுசெபியோ லியால் செய்து காட்டியிருக்கிறார். 1993ல் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு விசேஷ அதிகாரம் கிடைத்தது. பழைய ஹவானாவில் ஓட்டல், உணவகம், கடை நடத்தலாம். அதில் வரும் வருமானத்தை அந்தப் பகுதியின் சீரமைப்புக்கே செலவழிக்கலாம். இதில்தான் விஷயமே இருக்கிறது. சுற்றுலாக்காரன் குடித்த காப்பியின் காசு அதே தெருவில் ஒரு கூரையாக, ஒரு பள்ளிக்கூடமாகத் திரும்பியது. எல்லா வீடும் சீராகவில்லை, குறைகள் நிறைய. ஆனாலும் பாரம்பரியம் தன் செலவைத் தானே சம்பாதிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பங்கு கொடுக்கலாம் என்று அந்த ஏற்பாடு காட்டியது. 2016ல் அந்த வணிக நிறுவனங்கள் ராணுவக் குழுமத்தின் கைக்குப் போயின. லியால் 2020ல் காலமானார்.

ஆலை ஊர்களுக்கு இப்படி ஒரு லியால் கிடைக்கவில்லை. ஹவானாவுக்குக் கிடைத்த கவனத்தில் கொஞ்சம் கூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. பஸ் வருகிறது, ஒரு டம்ளர் கரும்புச் சாறு குடிக்கிறார்கள், பஸ் போகிறது. சாப்பாடும் தங்கலும் வேறு ஊரில். பயணக் கட்டணம் மொத்தமும் கிளம்பும் முன்பே வெளிநாட்டில் வசூலாகிவிடுகிறது. வரவு ஒரு இடத்தில், புழுதி இன்னொரு இடத்தில்.

என்ன செய்யலாம்?

சின்னச் சின்ன மாற்றங்கள் போதும். ஆலைக்குள் சுற்றிக் காட்ட அந்த ஆலையிலேயே வேலை பார்த்த ஒருவரை அழைத்து, அதற்கு நியாயமான கூலி கொடுக்கலாம். ஒரு இரவாவது அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் தங்கலாம். கோபுரத்தின் மேலிருந்து படம் எடுப்பதற்கு முன்னால் அந்த மணியைப் பற்றிப் பேசலாம். 2002ல் என்ன நடந்தது என்ற கேள்வியை வழிகாட்டி தவிர்க்கக் கூடாது, பயணியும் கேட்கத் தயங்கக் கூடாது. அமெரிக்கத் தடையின் பங்கு எவ்வளவு, அரசின் தவறு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் பேசட்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது பிரச்சாரம்.

கியூபச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865லிருந்து ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் சத்தமாகப் படிப்பார். அவருக்கு அன்று சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். என்ன படிக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பயந்துபோன ஸ்பானிய அரசு அடுத்த வருடமே அதைத் தடை செய்தது. தடை நிற்கவில்லை, வழக்கம் நின்றது. மான்டிகிறிஸ்டோ என்ற புகழ்பெற்ற சுருட்டின் பெயர் அப்படிப் படிக்கப்பட்ட ஒரு நாவலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

தொழில் பாரம்பரியம் என்றால் இதையும்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஞ்சினைத் துடைத்து வைத்தால் நூறு வருடம் நிற்கும். அதை ஓட்டத் தெரிந்தவர், பாகு எப்போது பதமாகும் என்று வாசனையிலேயே சொல்லத் தெரிந்தவர் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். ஆலை மூடிய அன்று நாற்பது வயதில் இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. 2018ல் கியூபாவுக்கு வந்த பயணிகள் சுமார் 47 லட்சம், 2024ல் சுமார் 22 லட்சம். கேட்க வருகிறவர்களும் குறைகிறார்கள், சொல்லக் கூடியவர்களும் குறைகிறார்கள். அடுத்து ஒரு குழு அங்கே போகும்போது, புகைபோக்கிக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது அந்த மனிதர்களுக்குக் கொடுக்கட்டும். அதற்குரிய காசையும் அவர்கள் கையிலேயே கொடுக்கட்டும்.