வேண்டுமென்றே செய்த பிழைக்கும் சோதனை வேண்டும்

இலக்கண ஆய்வேட்டில் ‘*நான் வந்தான்’ என்று முன்னால் நட்சத்திரக்குறி இட்டு எழுதுகிறோம். ‘இத்தொடரைத் தமிழ் ஏற்காது’ என்பதே அக்குறியின் பொருள். அத்தொடர் எங்கேனும் வழக்கில் உண்டென எவரேனும் நிறுவிவிட்டால் நம் வாதம் விழுந்துவிடும். பிழையும் தரவு என்று நாம் சொல்வது இதனால்தான்.

கணினிக் குறிப்பேடுகளில் இந்த ஒழுக்கத்தைக் கைவிட்டுவிட்டோம் என்பது என் குற்றச்சாட்டு. பைத்தான் கற்பிக்கும் ஜுபிட்டர் குறிப்பேட்டில், பிழை எவ்வாறு எழும் என மாணவர்க்குக் காட்டுவதற்கென்றே சில கட்டங்கள் எழுதப்படுகின்றன. அதைத் தானியங்கிச் சோதனைக்கு அனுப்பினால், முதற்பிழையிலேயே ஓட்டம் நின்றுவிடும். ஒரு சாரார் அக்கட்டத்தையே நீக்கிவிடுகின்றனர். பிழைச்செய்தியைப் படிக்கும் பழக்கம் மாணவர்க்கு வாய்க்காமலே போகிறது. மற்றொரு சாரார் ‘அலவ்-எரர்ஸ்’ என்னும் விருப்பத்தை இயக்கிக் குறிப்பேடு முழுமைக்கும் பொதுமன்னிப்பு வழங்குகின்றனர்; எதிர்பாராத பிழைகளும் அதன் நிழலில் தப்பிவிடுகின்றன.

கவனமுடையோர் குறிப்பிட்ட கட்டத்துக்கு மட்டும் ‘ரெய்சஸ்-எக்செப்ஷன்’ என்னும் அடையாளம் இடுகின்றனர். முன்னவற்றினும் இது மேல், ஆயினும் போதாது. ‘பிழை எழுப்பும்’ என்கிறது அதன் பெயர். குறிப்பேட்டை இயக்கும் என்பிகிளையன்ட் அதற்குத் தரும் பொருளோ, ‘பிழை எழுந்தால் எழட்டும்’ என்பதே. எந்தப் பிழை என்று அது கேட்பதில்லை. பிழையே எழாவிட்டாலும் குறை சொல்வதில்லை.

விளைவைப் பாருங்கள். தமிழ் இலக்கங்களைப் பைத்தான் ஏற்காது என நம்பும் ஆசிரியர் ஒருவர், ‘௧௦’ என்னும் சரத்தை ‘இன்ட்’ செயற்கூறுக்குக் கொடுத்து, அடையாளமும் இடுகிறார் எனக் கொள்வோம். பைத்தான் மறுக்காது, 10 என்றே விடை தரும். யூனிகோடு அவ்விரு குறிகளையும் பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தியிருக்கிறது. பத்தைக் குறிக்கும் ‘௰’ என்னும் தனிக்குறியைக் கொடுத்தால்தான் ‘வேல்யூ-எரர்’ எழும். ஆசிரியரின் கூற்று பொய். சோதனையோ தேர்ச்சி என்கிறது.

இன்னொரு கட்டம். தமிழ்க் கோப்பை ஆஸ்கி குறியாக்கத்தில் திறந்து, குறிநீக்கப் பிழையைக் காட்ட எண்ணுகிறோம். கோப்பே காணாமற்போயிருந்தால் எழுவது வேறு பிழை. அப்போதும் தேர்ச்சியே.

‘பாடக் குறிப்பேட்டுக்கு இத்துணைச் சிரமம் எதற்கு?’ என்பர். சிரமம் இரண்டு வரிதான். காட்சிக் கட்டத்தை அடையாளத்தோடு அப்படியே விடுக. அடுத்த கட்டத்தில் அதே கூற்றைப் பைடெஸ்ட்டின் ‘ரெய்சஸ்’ கொண்டு சோதித்திடுக. குறித்த வகைப் பிழை எழாவிடில் அது தோல்வியை அறிவிக்கும். செய்தியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டா. 2021இல் வெளிவந்த பைத்தான் 3.10 பல பிழைச்செய்திகளைத் திருத்தியெழுதியது. பிழையின் வகையைப் பெயர்சொல்லிக் குறித்தால் போதும்.

ஆய்வேட்டோடு குறிப்பேட்டையும் கேட்டுப் பெறும் துறைகள் இதை விதியாக்க வேண்டும். ஆசிரியர் அருகில் இல்லாத வேளையில், அக்குறிப்பேட்டை மட்டுமே நம்பிக் கற்கும் மாணவர் இருக்கிறார். ‘இது இயங்காது’ என்று அவரிடம் சொல்லுமுன், அது உண்மையிலேயே இயங்கவில்லை என்பதையும், நாம் சொன்ன காரணத்தால்தான் இயங்கவில்லை என்பதையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் மெய்ப்பித்தல் நம் கடமை.