மழை படாத இடத்தில்தான் துரு அதிகம்! அமெரிக்கக் கடலோர மர வீடுகளைத் தாங்கும் தகடுகளுக்கு என்ன ஆபத்து?

2015 ஜூலை 4. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், எமரால்டு ஐல் கடற்கரை. விடுமுறைக்கு எடுத்த வாடகை வீட்டில், குரூப் போட்டோவுக்காக ஒரு குடும்பமே மரத் தளத்தில் கூடி நின்றது. திடீரென தளம் அப்படியே கீழே விழுந்தது. 20-க்கும் மேற்பட்டோருக்குக் காயம். மரம் உளுத்துப்போனதா? இல்லை. மரத்தைப் பிடித்திருந்த ஆணிகள் துருப்பிடித்திருந்தன என்றார்கள் அதிகாரிகள்.

அமெரிக்கக் கடலோர வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகள். புயல் காற்று சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, கூரையை மேலே தூக்கவும் பார்க்கும். வெறும் ஆணி அந்த இழுவைக்குத் தாங்காது. அதனால் கூரையைச் சுவரோடும், சுவரைத் தரையோடும், தரையை அஸ்திவாரத் தூண்களோடும் சேர்த்துக் கட்ட இரும்புத் தகடுகளை அடிக்கிறார்கள். ‘ஹரிகேன் ஸ்ட்ராப்’ என்பது இதுதான். 1992-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்ட பிறகு, கட்டட விதிகள் கடுமையாகின. 2002 மார்ச்சில் ஃபுளோரிடா முழுமைக்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு அமலுக்கு வந்தது.

சரி, தகடு அடிச்சாச்சு. பிரச்னை முடிந்ததா? அங்கேதான் சிக்கலே. இந்தத் தகடுகள் பலவும் சுமார் 1 மி.மீ. கனம்தான். உப்புக்காற்றில் அது எத்தனை வருஷம் தாங்கும்?

நனையாத இடமே மோசம்

பொதுவாக நாம் என்ன நினைப்போம்? மழையில் நனைவதுதான் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று. கடற்கரையில் இது தலைகீழ். வெட்டவெளியில் இருக்கும் தகட்டின் மேல் படியும் உப்பை மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. தூண்கள் மேல் நிற்கும் வீட்டின் அடிப்பகுதியிலோ உப்புக்காற்று தாராளமாக நுழையும், மழை நுழையாது. உப்பு அடுக்கடுக்காகச் சேரும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். தகடு காய்வதே இல்லை. அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ‘ஃபீமா’, 1996-ல் வெளியிட்டு 2019-ல் புதுப்பித்த தொழில்நுட்பக் கையேட்டில், இப்படிப் பாதி மறைவான இடங்களைத்தான் மிக மோசமானவை என்கிறது.

யாரும் குனிந்து பார்க்காத இடமும் அதுதான்!

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு அடிகளுக்குள்தான் உப்பின் ஆட்டம் அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும்.

துத்தநாகம் போதாதா?

இந்தத் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு, இரும்பைக் காப்பதே துத்தநாகத்தின் வேலை. ஆகவே பூச்சு எவ்வளவு கனமோ, ஆயுளும் அவ்வளவு. ‘ஜி-60’ என்ற ரகத்தில் இரு பக்கமும் சேர்த்துச் சதுர அடிக்கு 0.60 அவுன்ஸ் துத்தநாகம் இருக்கும். ‘ஜி-185’ ரகத்தில் 1.85 அவுன்ஸ், அதாவது மூன்று மடங்கு. கடலை ஒட்டிய வீட்டுக்கு அதுவும் போதாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவதே நல்லது. அதிலும் மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பை நன்றாகத் தாங்கும். விலை பல மடங்குதான். ஆனால், மொத்த வீட்டுச் செலவில் தகடுகளின் பங்கு சிறிது. இங்கே மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனமா என்பது என் சந்தேகம். (நம்ம ஊர் புதிய பாம்பன் பாலத்தில்கூட ஸ்டெயின்லெஸ் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உப்புக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.)

ஒரு எச்சரிக்கை: தகடு ஸ்டெயின்லெஸ் என்றால் ஆணியும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கணும். இரண்டு உலோகங்களைக் கலந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்க வைக்கும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. பூச்சி அரிக்காமலிருக்க மரத்தில் ஏற்றும் ரசாயனத்தில் முன்பு ஆர்செனிக் இருந்தது. 2003 முடிவில் வீட்டு உபயோகத்திலிருந்து அது பெரும்பாலும் விலக்கிக்கொள்ளப்பட்டது. மாற்றாக வந்தவற்றில் செம்பு அதிகம். உடல்நலத்துக்கு நல்லதுதான், ஆனால் துத்தநாகப் பூச்சை அது இன்னும் வேகமாகத் தின்கிறது.

ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு?

வீட்டின் அடிப்பக்கத்தை ப்ளைவுட் அடித்து மூடிவிடலாம். காற்று நுழையாவிட்டால் உப்பும் நுழையாது. அரித்துப்போன தகட்டின் மேல் பெயின்ட் அடிப்பது கண்ணை ஏமாற்றும் வேலை, மாற்றத்தான் வேண்டும். அதனால் புது வீடு கட்டும்போதே, பிறகு கழற்றி மாற்ற வசதியான இடத்தில் தகடுகளை வைப்பது நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் லாங் வீக்கெண்டுக்கு பீச் ஹவுஸ் எடுக்கிறீர்களா? செல்ஃபிக்குக் கூடுவதற்கு முன் போனின் டார்ச்சை அடித்து, தளத்துக்கு அடியில் ஒரு தடவை பாருங்கள். தகட்டில் வெள்ளைப் பொடி இருந்தால், துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். செம்பழுப்பாக இருந்தால் அந்த இடத்தில் பூச்சு தீர்ந்து, இரும்பே அரிபடத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் போட்டோவை மணலில் நின்று எடுத்துக்கொண்டு, வீட்டு உரிமையாளருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள்.