ஏணியின் கீழ்ப்படிகள்

பல்கலைக்கழகத்திற் கற்பிக்கத்தக்க பாடங்களைப் பாடசாலையிலேயே கற்பித்தல் தகுமோ என்னும் வினா நமக்குப் புதியதன்று. இந்நாட்டிற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1942ஆம் ஆண்டில். அதற்கு முன்னோடியாகிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் திறக்கப்பட்டது. அதற்கும் முன்னரே யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சில, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கும், பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் இன்டர்மீடியட் பரீட்சைக்கும் மாணாக்கரை ஆயத்தஞ் செய்தன. அக்காலத்தை நம் முதியோர் பெருமிதத்துடன் நினைவுகூர்வர். அப்பெருமிதம் தகுவதே. ஆயினும், அவ்வகுப்புகளில் எத்துணைப் பேர் இருந்தனர், அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதையும் உடன் வினாவுதல் நமது கடனாகும்.

இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் எழுந்ததுண்டு. 1951ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் புகழ்பெற்ற தனியார் பாடசாலைகள் மூன்றும், ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் என்னும் பல்கலைக்கழகங்களும் ஒருங்குகூடி ஆராய்ந்தன. பாடசாலையின் இறுதியாண்டிற் கற்றதையே பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் மீளக் கற்று, வல்ல மாணாக்கர் காலத்தை வீணே கழிக்கின்றனர் என்பது அவர்கள் கண்ட குறை. இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாகத் தோன்றியதே 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்' என்னும் திட்டம். 'கொலிஜ் போட்' என்னும் சபை 1955இல் அதனைப் பொறுப்பேற்றது. பாடசாலை ஆசிரியரே பல்கலைக்கழக முதலாண்டுப் பாடத்தைக் கற்பிப்பர். ஆண்டுதோறும் மே மாதத்திற் பொதுப் பரீட்சை நிகழும். 1 முதல் 5 வரை தரம் வழங்கப்படும். 3 பெற்றோரைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும். 4 அல்லது 5 வேண்டுமென்பனவும் உள.

தேர்ந்த சில பாடசாலைகளின் தேர்ந்த மாணாக்கரை நோக்கித் தொடங்கிய இத்திட்டம், ஏழைப் பிள்ளைகளுக்கும் ஏற்குமோ? இதற்கு விடையளித்தவர் பொலிவியா நாட்டிற் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே என்னும் கணித ஆசிரியர். கிழக்கு லொஸ் ஏஞ்சல்சில் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற காபீல்ட் உயர்நிலைப் பாடசாலையிலிருந்து 1982இல் 18 மாணாக்கர் நுண்கணிதப் பரீட்சையிற் சித்தியெய்தினர். அவர்களுள் 14 பேரின் விடைத்தாள்களைப் பரீட்சை நடத்தியோர் ஐயுற்றனர். 12 பேர் மீண்டும் பரீட்சை எழுதினர், பன்னிருவரும் சித்தியெய்தினர். இவ்வரலாறு 1988இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

திரைப்படத்தைக் கண்டோர், ஓராசிரியர் ஓராண்டில் நிகழ்த்திய அற்புதம் என்றே கருதுவர். உண்மை வேறு. எஸ்கலாந்தே அப்பாடசாலைக்கு வந்தது 1974இல். அட்சரகணிதம், கேத்திரகணிதம் முதலிய கீழ்வகுப்புப் பாடங்களைச் சீர்செய்தமையும், விடுமுறையில் அயற்கல்லூரியில் வகுப்புகள் நடத்தியமையும், அதிபர் துணைநின்றமையும் அவ்வெற்றிக்கு அடித்தளமாயின. 1991இல் அவர் விலகியபின், சித்தியெய்துவோர் தொகை பெரிதும் வீழ்ந்தது. பாடத்திட்டம் மாறவில்லை, பரீட்சையும் மாறவில்லை. கீழ்ப்படிகளைத் தாங்கியோரே இலராயினர்.

நமது உயர்தர வகுப்பின் நிலையும் இதற்கு வேறன்று. அங்குக் கற்பிக்கப்படும் கணிதமும் விஞ்ஞானமும் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக முதலாண்டுப் பாடங்களுக்கு நிகரானவை. ஆயின் இலங்கையின் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளுள், விஞ்ஞானப் பிரிவுடன் கூடிய உயர்தர வகுப்புள்ள 1ஏபி பாடசாலைகள் பத்திலொரு பங்களவினவே. எட்டாந் தரத்திற் கணித ஆசிரியர் இன்றித் தவிக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கு, உயர்தர வகுப்பின் வாயில் அன்றே அடைபட்டுவிடுகின்றது. பதினாறாம் வயதில் அதனைத் திறந்துவைத்தும் பயன் என்னை?

விழா ஆண்டில் நிதி திரட்டுகின்றோம். வளைவும் மண்டபமும் கல்வெட்டும் எழுப்புதல் எளிது. அவற்றிற் பெயரும் பொறிக்கலாம். யான் வேண்டுவது வேறு. அந்நிதியில் ஒரு பங்கைக் கொண்டு, எட்டாந் தரம் முதலாகச் சனிக்கிழமைதோறும் கணித, விஞ்ஞான வகுப்புகளை நம் கல்லூரியில் நடத்துவோம். ஆய்வுகூடம் இல்லாத அயற்பாடசாலைப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் நம் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுவோம். கற்பிக்கும் ஆசிரியருக்குத் தக்க வேதனம் அளிப்போம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிற் பங்கிடப்படுகின்றது. ஆதலின், அயலூர்ப் பிள்ளையைக் கைதூக்கிவிடுவது நம் பிள்ளைக்குப் போட்டியாளனை உண்டாக்குவதன்றோ என்பர் சிலர். மறுப்பு மெய்யே, மறைத்தற்கில்லை. நம் பிள்ளை ஒருவனுக்குக் கிட்டவேண்டிய இடம் பிறனொருவனுக்குச் செல்லலாம். ஆயினும், பிறர் பிள்ளையின் அறியாமையை நம்பி வெற்றி பெறும் கல்லூரி, தன் கல்வியை நம்பவில்லை என்பதே பொருளாகும். நம் முன்னோர் இக்கல்லூரியை நிறுவியது, அடைபட்டிருந்த ஒரு வாயிலைத் திறத்தற்கே. திறந்த வாயிலின் உள்ளே நின்றுகொண்டு அதனைத் தாழிடுதல் அவர்தம் வழித்தோன்றலாகிய நமக்கு அழகன்று.