பேரறிஞரும் தாங்கிய கைகளும்

அறிவுடையோர் மறைவு ஒரு குடும்பத்தின் இழப்பாக மட்டும் நின்றுவிடுவதன்று. உலகமே அதனைத் தன் இழப்பாகக் கருதி வருந்தும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஸ்டீபன் ஹாக்கிங் என்னும் இயற்பியலறிஞர் தம் 76-ஆம் வயதில் உயிர் நீத்தபோது உலகம் அவ்வாறே வருந்தியது. அவருடைய சாம்பல் அவ்வாண்டு ஜூன் திங்களில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டன், டார்வின் என்னும் இருவர்தம் கல்லறைகளுக்கு இடையே வைக்கப்பெற்றது.

அவரை நினைந்து இரங்கியோர் பலர், மனவுறுதி ஒன்றினாலேயே அவர் கொடிய நோயை வென்றார் என்று புகழ்ந்தனர். அப்புகழுரை பாதி உண்மையே. மறுபாதியையும் அறிந்தாலன்றி அவர் வாழ்க்கை நமக்கு முழுப்பயன் தாராது.

ஹாக்கிங் 1942-இல் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். 1963-இல், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், 21 வயதிலேயே அவரை இயக்க நரம்பு நோய் பற்றியது. மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டு செல்லும் நரம்பணுக்கள் அந்நோயால் ஒவ்வொன்றாக மடியும், தசைகள் மெலியும், கையும் காலும் நாவும் மெல்ல மெல்லச் செயலறும். அவர் இன்னும் ஈராண்டே வாழ்வார் என மருத்துவர் கருதினர். அவரோ அதன்பின் 55 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வாழ்ந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கை உண்மையாயின், பேரண்டத்திற்கு ஒரு தொடக்கம் இருந்திருத்தல் வேண்டும் என்பதை, பென்ரோஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து 1970-இல் கணித வழியே நிறுவினார். ஒளியும் தப்ப இயலாத கருந்துளையிலிருந்து எதுவுமே வெளிவராது என்று அறிஞர் எண்ணியிருந்தனர். அதுவும் வெப்பத்தை உமிழ்ந்து சிறுகச் சிறுகத் தேயும் என 1974-இல் அவர் காட்டினார். நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவியை 1979 முதல் 2009 வரை வகித்தார். எழுதுகோல் பிடிக்க இயலாத நிலையில், நீண்ட கணக்குகளை வடிவங்களாக உள்ளத்திலேயே அமைத்துக் கண்டார். இவையெல்லாம் அவர்தம் அறிவின் வெற்றிகளே.

ஆயினும், அந்நோயுற்றோருள் மிகப் பலர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபடுகின்றனர். அவர்கள் மனவுறுதி அற்றவர்கள் என்று கூறத் துணிவார் யார்? ஹாக்கிங்கைப் பற்றிய நோய் மிக மெதுவாக வளர்ந்தது; அஃது அவர் முயன்று பெற்றதன்று. மேலும், அவரைத் தாங்கிய கைகள் பல. அவர் கூறிய கணக்குகளை மாணவர்கள் எழுதினர். 1985-இல் ஜெனீவா நகரில் நுரையீரல் அழற்சியால் அவர் நினைவிழந்து கிடந்தபோது, மூச்சுக் கருவியை நிறுத்திவிடலாமா என்று மருத்துவர் வினவினர். அவர் மனைவியார் ஜேன் உடன்படவில்லை; கணவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவரச் செய்தார். மூச்சுக் குழலில் துளையிட்டதனால் உயிர் நிலைத்தது, பேச்சு மறைந்தது. அதன்பின் இரவும் பகலும் செவிலியர் காத்தனர். சொற்களைத் தேர்ந்து ஒலிக்கச் செய்யும் கணிப்பொறி அவருக்குக் குரலாயிற்று. 1988-இல் வெளிவந்து ஒரு கோடிப் படிகளுக்குமேல் விற்ற ‘காலத்தின் சுருக்கமான வரலாறு’ என்னும் அவரது நூல், இவ்வுதவிகளுக்கிடையே நிறைவெய்தியதாகும். தம் நாட்டுத் தேசிய நலப்பணியின் மருத்துவம் இல்லையேல் தாம் உயிரோடு இருந்திருக்க இயலாது என்று 2009-இல் அவரே கூறினார்.

இவ்வாறு சொல்வது அவர் பெருமையைக் குறைப்பதாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. விளக்கின் ஒளி விளக்கினுடையதே; எனினும், காற்றில் அணையாவண்ணம் அதனை மறைத்து நின்ற கையை மறத்தல் முறையாகுமோ?

மனவுறுதி இருப்பின் எதுவும் இயலும் என்று மட்டும் கூறி நாம் அமைந்துவிட்டால், படியேற இயலாத மாணவனுக்குச் சாய்தளம் அமைக்கும் கடமையையும், பேச இயலாதவன் கருத்தைப் பொறுமையுடன் கேட்கும் கடமையையும் மறந்தவராவோம். அத்தகையோருள் எத்துணை அறிஞர் வெளிப்படாது மறைந்தனரோ, யாரறிவார்! உடல் தளர்ந்தோர் ஒருவர்க்கேனும் துணைக்கை நீட்டுதலே ஹாக்கிங்கின் மறைவுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.