ஒரு சின்ன மோட்டார் வராமல் போனால்...

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வல்லம் வடகாலில் குடியிருக்கும் என் நாத்தனார் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில், ஒரகடத்துக்கு முன்னாலேயே சிப்காட் வளாகம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், இன்னொரு பக்கம் ஏரிக்கரை. ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன.

கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம். மாப்பிள்ளைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இவள் பிரசவத்துக்குப் பிறகு வெளி வேலைக்குப் போகவில்லை. இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். குழந்தைக்குப் பால் பவுடரும் டாக்டர் செலவும் இவள் சம்பாத்தியத்தில்தான் ஓடுகிறது.

நான் போன நேரம் முகமே சரியில்லை. "என்னம்மா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"குழந்தை நல்லாத்தான் இருக்கு அத்தை. லேப்டாப்புதான் ரெண்டு நாளா 'டக்... டக்'னு சத்தம் போடுது. கடையில காட்டினேன். ஹார்டு டிஸ்க் போகப் போகுதாம். புதுசு போட அவங்க சொல்ற விலையைக் கேட்டா தலை சுத்துது. 'இன்னிக்கே வாங்கிக்கோங்க, நாளைக்கு இன்னும் ஏறும்'னு வேற சொல்றாங்க."

அதைவிட அவளை வாட்டியது வேறு ஒன்று. போனில் இடம் இல்லை என்று, வளைகாப்பு முதல் குழந்தை குப்புற விழுந்தது வரை எல்லாப் படங்களையும் அந்த லேப்டாப்பில்தான் போட்டு வைத்திருந்தாள். வேறெங்கும் பிரதி இல்லை!

பிறகு ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள். அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன்.

"நம்ம ஊரைச் சுத்தியே போனு, கம்ப்யூட்டர் எல்லாம் செய்யறாங்க. ராத்திரி பகலா லாரி போகுது. இங்கேயே இந்த விலைன்னா என்ன அத்தை நியாயம்?"

செய்வது வேறு, சேர்ப்பது வேறு

அவள் கேட்டதில் தப்பில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2007-ஆம் ஆண்டிலிருந்தே டெல் கம்பெனி கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. அதற்கும் முன்னால், 2006-இல் நோக்கியா வந்தது. 2014-இல் மூடிவிட்டுப் போனது. இன்று சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கானில் போன் தயாராகிறது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்காகவே வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் ஒரு விடுதி கட்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன ஊரே ஒரு விடுதிக்குள் இருப்பது மாதிரி!

ஆனால் இங்கே நடப்பது பெரும்பாலும் சேர்க்கிற வேலை. உள்ளே வைக்கும் சாமான்களில் பல வெளிநாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வருகின்றன. ஹார்டு டிஸ்க் அப்படித்தான். தாய்லாந்து, சீனா, பிலிப்பைன்ஸ் என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். உலகம் முழுவதற்குமே இன்று ஹார்டு டிஸ்க் செய்யும் கம்பெனிகள் மூன்றுதான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா.

நாம் கல்யாணச் சமையலுக்கு அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். புளி மட்டும் வரவில்லை. சாம்பார் ஆகுமா? மற்ற சாமான் எவ்வளவு இருந்தும் அண்டா காலியாகத்தானே நிற்கும்? தொழிற்சாலையும் அப்படித்தான்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் அந்தப் பெட்டிக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். அவை நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். சுற்றுவதற்கு ஒரு சின்ன மோட்டார். தட்டுக்கு மேலே கிராமபோன் கை மாதிரி ஒரு கை; அதன் நுனியில் எழுதவும் படிக்கவும் ஒரு தலை. இந்தத் தலை தட்டைத் தொடாது. நம் தலைமயிரின் பருமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு இடைவெளி விட்டு மிதக்கும். அந்தக் கையை அசைக்க வலுவான காந்தம். தூசி புகாத அறையில் வைத்துத்தான் இதையெல்லாம் பூட்ட வேண்டும்.

இந்தச் சாமான்களை ஒரே கம்பெனி செய்வதில்லை. தட்டு ஓர் இடம், தலை ஓர் இடம், மோட்டார் இன்னோர் இடம். 'டக் டக்' என்ற சத்தம் வருவது பெரும்பாலும் அந்தத் தலை தடம் தெரியாமல் தடுமாறும்போதுதான்.

தாய்லாந்தில் மழை, நம் ஊரில் விலை

2011-ஆம் ஆண்டு. செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கம் காக்களூரில் நம் மாநில அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. பல கிராமத்து வீடுகளில் லேப்டாப் என்ற பெயரே அப்போதுதான் நுழைந்தது.

அடுத்த மாதமே தாய்லாந்தில் பெருவெள்ளம். அயுத்தயா என்று அங்கே ஒரு மாகாணம்; நம் அயோத்தியின் பெயர்தான் அது. சாவ்பிரயா ஆற்று வெள்ளம் அங்கிருந்த தொழிற்பேட்டைகளுக்குள் புகுந்தது. பாங் பா-இன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை தண்ணீரில் மூழ்கியது. முக்குளிப்பவர்களை இறக்கி இயந்திரங்களை மீட்டார்கள் என்றால் பாருங்களேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. போட்டிக் கம்பெனியான சீகேட்டின் தொழிற்சாலைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. ஆனாலும் அவர்களாலும் நினைத்த அளவு செய்ய முடியவில்லை. ஏன்? அந்தச் சின்ன மோட்டார்! உலகத்து ஹார்டு டிஸ்க் மோட்டார்களில் ஏறத்தாழ முக்கால் பங்கை நிடெக் என்ற ஒரே ஜப்பானியக் கம்பெனி செய்துவந்தது. அதன் தாய்லாந்துத் தொழிற்சாலைகளிலும் வெள்ளம். கட்டடம் நனையாமல் இருந்தும் சாமான் வரவில்லை!

வெள்ளத்துக்கு முந்திய மூன்று மாதத்தில் உலகம் முழுவதும் சுமார் 17 கோடி ஹார்டு டிஸ்க் விற்பனைக்குப் போயின. அடுத்த மூன்று மாதத்தில் அது சுமார் 12 கோடியாகச் சுருங்கியது. சில வாரங்களிலேயே பல கடைகளில் விலை இரட்டிப்பாகிவிட்டது. பெரிய கம்பெனிகள் மொத்தமாக முன்பதிவு செய்து கிடைத்ததை அள்ளிக்கொண்டன. ஒன்றிரண்டு வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் 'ஸ்டாக் இல்லை'.

வெஸ்டர்ன் டிஜிட்டல் அந்த நவம்பர் கடைசியிலேயே மறுபடி உற்பத்தி தொடங்கியது. விலை மட்டும் 2012 முழுவதும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஏறும்போது லிப்ட்டில் ஏறி, இறங்கும்போது படியில் இறங்குவதுதானே விலையின் வழக்கம்! அதே நேரத்தில் இரண்டு பெரிய கம்பெனிகளும் பல டிஸ்குகளுக்கு கியாரண்டி ஆண்டுகளையும் குறைத்தன.

வெள்ளம் என்றால் என்ன என்று நமக்கும் தெரியுமே. 2015 டிசம்பரில் நம் பக்கம் செம்பரம்பாக்கம் நிரம்பி வழிந்தபோது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வாகனத் தொழிற்சாலைகளும் சில நாள் நின்றன. இங்கிருந்து சாமான் போக வேண்டிய ஊர்களில் அன்று யார் யார் காத்திருந்தார்களோ!

இப்போது ஏன்?

இந்த முறை வெள்ளம் இல்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய நெருக்கடி இது. 'செயற்கை நுண்ணறிவு' என்று நாளும் பேப்பரில் படிக்கிறோம் அல்லவா? அதற்காகப் பெரிய பெரிய கணினிக் கூடங்கள் கட்டுகிறார்கள். அவற்றுக்கு மெமரி சில்லுகள் மலைமலையாகத் தேவை. இந்தச் சில்லுகளைச் செய்வதிலும் முக்கியமாக மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். அவர்கள் அதிக லாபம் தரும் பக்கம் இயந்திரங்களைத் திருப்பினார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த 'க்ரூஷியல்' வகைச் சரக்கையே நிறுத்துவதாக அறிவித்தது.

விளைவு, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ராம் விலை ஏறியது. சுற்றும் தட்டு இல்லாமல் சில்லிலேயே பதிவு செய்யும் எஸ்.எஸ்.டி. விலையும் ஏறியது. அந்தக் கூடங்களுக்குச் சேமிப்பு இடமும் வேண்டுமே, அதனால் பெரிய அளவு ஹார்டு டிஸ்குகளும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டன. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்காக மார்க்கெட் வாழை இலையை ஒட்டுமொத்தமாக வாங்கிவிட்டால், நம் வீட்டு நாலு இலைக்கும் அன்று அந்த விலைதானே!

சாமான் வராவிட்டால் பாதிப்பு விலையோடு நிற்பதில்லை. 2021-இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது வாகனத் தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. உற்பத்தி குறைந்தால் ஓவர்டைம் குறையும். ஓவர்டைம் குறைந்தால் மாதக் கடைசி வாரத்து மளிகைச் சீட்டும் சுருங்கும். இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

அன்று அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1. 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். 'இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று போடப் போட, தலை தட்டில் உரசி உள்ளதும் போய்விடும். முதல் வேலை படத்தையும் கணக்கையும் பிரதி எடுப்பது. விலை விசாரிப்பது அப்புறம்.

2. பதற்றத்தில் வாங்காதீர்கள். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்றதும் ஆளுக்கு இரண்டு டின் வாங்கி, தட்டுப்பாட்டை நாமே பெரிதாக்கிய காலம் நினைவிருக்கிறதா? அவசியமானால் வாங்குங்கள், 'பின்னால் உதவும்' என்று வாங்காதீர்கள்.

3. தேவையான அளவு மட்டும் போதும். கணக்கு எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் பெரும்பாலும் அதையே பொருத்தலாம். ஓட்டமும் வேகமாக இருக்கும். உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பில் இல்லாமல் வாங்காதீர்கள். விலை ஏறும் காலத்தில் போலியும் பெருகும். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடித் தேய்ந்த டிஸ்குகளைப் புதிது என்று விற்றது வெளியாயிற்று. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் 'இரண்டு டிபி' பென் டிரைவ் பக்கமே போகாதீர்கள். வெளியே ஓர் அளவு எழுதியிருக்கும், உள்ளே வேறு இருக்கும்.

5. எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று அம்மா வீட்டிலோ தங்கை வீட்டிலோ. நகையை ஒரே பெட்டியில் வைப்போமா?

6. ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மடியிலிருந்து கட்டிலுக்கு 'தொப்'பென்று போடாதீர்கள். மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துளை அடைபட்டுச் சூடேறும். பலகை மேல் வையுங்கள்.

உடம்பையும் பாருங்கள்

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. குழந்தை தூங்கிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து கணக்கு எழுதினால் இடுப்பும் கழுத்தும் என்ன ஆகும்? முதுகுக்குத் தலையணை வைத்து, மேஜையில் வைத்து எழுதுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணைத் தூக்கித் தூரத்தில் பாருங்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அதிகம். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். இந்த உடம்புக்கு உதிரி பாகம் எந்த நாட்டிலிருந்தும் வராது!

அது போகட்டும், அந்தப் படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்களே? அன்றே லேப்டாப்பை அணைத்து, விவரம் தெரிந்த ஒரு பையனிடம் கொடுத்தோம். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் பொருத்தி, ராத்திரி வரைக்கும் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்தான். கணக்குகள் முழுதும் வந்துவிட்டன. படங்களில் பெரும்பாலானவை பிழைத்தன. வளைகாப்புப் படங்கள் பாதிதான் திறந்தன. குழந்தை முதன்முதலில் சிரித்த வீடியோ வரவே இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போனா போகுது அத்தை. தினம் சிரிக்குதே!" என்றாள். சொல்லும்போது கண் கலங்கித்தான் இருந்தது.

மறுநாள் சின்னதாக ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டோம். விலை கூடத்தான், ஆனால் கடைக்காரர் முதலில் காட்டிய பெரிய அளவில் பாதிகூட ஆகவில்லை. மிச்சப் பணத்தில் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டினாள். அதற்குக் கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், சில்லும் வேண்டாம்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குழந்தையின் படங்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். பதில் 'ஒன்று' என்றால், இன்று மாலைக்குள் அதை இரண்டாக்கிவிடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.