குசினிப் புகையும் பிறப்பு எடையும்

கண்டி மாவட்டத்தின் அலவத்துகொடையில் மாத்தளை வீதியை விட்டு மேட்டுப் பக்கம் ஏறினால், கிராம்பும் சாதிக்காயும் மிளகும் வளரும் வீட்டுத் தோட்டங்கள். பலாக் கொப்பும் கிளிரிசிடியாத் தடியும் வாசலிலேயே கிடைப்பதால் விறகுக்குப் பஞ்சமில்லை. 2012 கணக்கெடுப்பில் இலங்கையின் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. மழைக்காலத்தில் ஈர விறகு எரிகிறது, சாரலுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட்டு, பென்சீன், 2.5 மைக்ரோனுக்கும் சிறிய நுண்துகள் எல்லாம் உண்டு. காபன் மொனொக்சைட்டு தாயின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ள, கருவுக்குப் போகும் ஒட்சிசன் குறைகிறது. நுண்துகளோ தாயின் நுரையீரலோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடியில் குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகள் படிந்திருப்பதை பெல்ஜிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள்.

இதைத் தமிழ் மண்ணில் அளந்து பார்த்தவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். தமிழ்நாட்டின் கிராமத்திலும் நகரத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து அவரது குழு 2018இல் வெளியிட்ட முடிவு இது: கன மீற்றருக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது. நாலு கிராமா, ஒரு கரண்டிச் சீனிகூட இல்லையே என்று சிரிக்கலாம். ஆனால் விறகடுப்புக் குசினியில் கூடுவது பத்தல்ல, பல பத்துகள். குறைந்த பிறப்பு எடைக்கான 2,500 கிராம் கோட்டை ஒட்டிப் பிறக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். இலங்கையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பிள்ளை அந்தக் கோட்டுக்குக் கீழே பிறப்பதாக 2016 கணக்கெடுப்பு சொன்னது. கோட்டருகே நிற்பவர்களைக் கீழே தள்ளச் சிறு இழப்பே போதும்.

விறகு எரிப்பவர்கள் ஏழைகள், அவர்களுடைய பிள்ளை மெலிவது சாப்பாடு போதாமல்தான், புகையால் அல்ல என்பது நியாயமான மறுப்பு. அதைத் தீர்க்கவே ஹாப்பின் என்ற பெரும் சோதனை நடந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவில் 3,200 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதியைக் கல்பனாவின் குழு நடத்தியது. 2022இல் வந்த முடிவு பலருக்கு ஏமாற்றம். நுண்துகள் மூன்றில் ஒரு பங்காக இறங்கியும் எடையில் வித்தியாசம் சுமார் 20 கிராம்தான். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்.

புகை குற்றமற்றது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதுவது அவசரம். காஸ் கிடைத்த தாய்மாரும் சராசரியாக 35 மைக்ரோகிராமைச் சுவாசித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 5. நம் அடுப்பை அணைத்தாலும் பக்கத்து வீட்டுப் புகை வேலியில் நிற்பதில்லையே. இன்னொன்று, கரு உண்டாகி 9 முதல் 20 வாரத்துக்குள்தான் அந்தப் பெண்களைச் சேர்த்தார்கள். நஞ்சுக்கொடி உருவாகத் தொடங்குவது அதற்கு முன்பே. தாமதம்தான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் கர்ப்பிணிக்கான கிளினிக் கொப்பி திறந்த பிறகு புகையைப் பற்றிப் பேசுவது பிந்திய பேச்சு என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் இலங்கைக்கு ஒரு வசதி உண்டு. புதுமணத் தம்பதிகளைப் பதிந்து வீடு தேடிப் போகும் மிட்வைஃப் நம்மிடம் இருக்கிறார். இரும்புச்சத்து, ருபெல்லா ஊசி பற்றிக் கேட்கும் அதே வரவில், அடுப்புக்கு மேல் புகைபோக்கி இருக்கிறதா, விறகு காய்ந்ததா, கைக்குழந்தை எங்கே தூங்கும் என்று கேட்கவும் எழுதவும் அவரது பதிவேட்டில் ஒரு பத்தி வேண்டும். ஏற்கெனவே வேலைப்பளு கூடியவர் என்பது உண்மை, அதனால்தான் தனித் திட்டம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்கிறேன். கண்டி நகரின் வாகனப் புகை இதைவிடப் பெரிய பிரச்சினை என்பாரும் உண்டு. நகரத்துக்கு அது பொருந்தலாம். மேட்டு வீட்டில் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் தாய்க்கு அடுப்புத்தான் முதல் எதிரி.

காஸ் வாங்கச் சொல்வது சுலபம். 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது, அதுவும் வரிசையில் நின்றால். காஸுக்கு மாறியிருந்த வீடுகள் பல அப்போது விறகுக்கே திரும்பின. ஹாப்பின் சோதனையில் பெண்கள் விறகை அனேகமாகக் கைவிட்டார்கள் என்றால், சிலிண்டர் இலவசமாக வாசலுக்கு வந்ததும் ஒரு காரணம். கர்ப்பிணிக்குத் திரிபோஷ சத்துமா கொடுக்கும் அரசு சிலிண்டருக்கும் ஒரு சலுகை கொடுக்கலாம், புகைபோக்கி இல்லாத வீட்டுக்கு அதையும் கட்டித்தரலாம். முதலில் கொடுக்க வேண்டியது எது என்று சுகாதார அமைச்சு கணக்குப் பார்க்கட்டும்.